மிகிந்தலை: வெள்ளவத்தையிலிருந்து போய்வர வழி, முழங்கால் ஏலாத அம்மாவுடன்

ராமகிருஷ்ண ஒழுங்கை

வணக்கம். ஆவணியில் ஒரு சனிக்கிழமை, அநுராதபுரத்துப் பக்கம் உள்ள பௌத்த மலைத்தலமான மிகிந்தலைக்குப் போக யோசனை. ஆறு பேர்: பெரியவர்கள் மூன்று பேர், 9, 12 வயதில் இரண்டு பிள்ளைகள், எழுபது வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். கைபிடி இருந்தால் இருபது, முப்பது படி ஏறுவா, பிறகு இருக்கவேண்டும். 1840 படி என்று கேட்டவுடனேயே "நீங்கள் போங்கோ, நான் வானில் இருக்கிறன்" என்கிறா.

கேள்விகள்: வான் எதுவரை ஏறும்? அம்மா எதைப் பார்க்கலாம்? ஒரே நாளில் திரும்பலாமா? நாங்கள் சைவக்காரர். அங்கே நடந்துகொள்ளும் முறையையும் சொல்லுங்கள்.

இரண்டாம் கியர்

வீதியை மட்டும் சொல்கிறேன். கொழும்பிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல். விடிய 3.30க்கு வெள்ளவத்தையை விட்டால் கண்டி வீதி வெறிச்சோடிக் கிடக்கும். பஸ்யாலையில் திரும்பி மீரிகமைக்குப் போய் அதிவேக வீதியில் ஏறுங்கள். மீரிகமை முதல் குருநாகல் வரையான இந்தத் துண்டு 2022 ஜனவரியில் திறந்தது. குருநாகல் ஊருக்குள் நுழையாமல் தம்புள்ளைப் பக்கம் இறங்கலாம். அந்த ஒரு காரணத்துக்கே இந்த வழி நல்லது.

பிறகு ஏ6: இப்பாகமுவ, மெல்சிரிபுர, கலேவெல, தம்புள்ளை. தம்புள்ளையில் ஏ9ஐப் பிடித்தால் கெக்கிராவை, மரதன்கடவலை, கல்குளம் கடந்து நேரே மிகிந்தலை. அநுராதபுரத்துக்குள் போகவே தேவையில்லை. கூகுள் சில நேரம் குருநாகலில் இருந்து பாதெனிய, கல்கமுவ, தலாவ வழியாக அநுராதபுரத்துக்கு இழுக்கும். வீதி மோசமில்லை. ஆனால் ஊருக்குள் போய் மறுபடி கிழக்கே 12, 13 கிலோமீட்டர் வரவேண்டும்.

7.45, 8 மணிக்கு மலையடிவாரத்தில் நிற்கலாம். ஒரே நாளில் திரும்ப முடியும், ஆனால் சாரதி ஒருவர்தான் என்றால் வேண்டாம். மாலையில் தம்புள்ளைக்கும் குருநாகலுக்கும் இடையில்தான் நித்திரை தூக்கியடிக்கும். எதிரே மரக்கறி லொறிகள் வரிசையாக வரும் நேரமும் அதுதான். இரண்டு சாரதி, அல்லது வெள்ளி இரவு அநுராதபுரத்தில் தங்கல். எழுபது வயது அம்மாவுக்கு இரண்டாவதுதான் சரி.

மலைப்படி

அக்கா, 1840 படியையும் ஏறவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அடிவாரத்தில் இருந்து பழைய வீதி ஒன்று மலையைச் சுற்றி மேல் வாகனத் தரிப்பிடம் வரை போகிறது. வானை அங்கே கொண்டுபோனால் பாதிக்கு மேல் படி கழிந்துவிடும்.

படிகளைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எண்ணிக்கையை மட்டும் கேட்டு எல்லாரும் பயப்படுகிறார்கள். கீழ்ப் படிகள் அகலமானவை, உயரம் குறைந்தவை, நல்ல கருங்கல், இரண்டு பக்கமும் ஈழத்தலரி மரங்கள். காலையில் நிழல் நிறைய. மூச்சு வாங்கும், முழங்காலை முறிக்காது. தானசாலை, அதாவது பிக்குகளின் பழைய சோற்றுக்கூடம், இருக்கும் நடுத்தட்டைத் தாண்டி, அம்பஸ்தலம் என்ற மேல்தட்டுக்கு ஏறும் கடைசித் தொகுதி வேறு மாதிரி. ஒடுக்கமும் செங்குத்தும் கூட. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஏறுவதை விட அதில் இறங்குவதுதான் பாடு. ஏறிவிட்டோமே என்ற துணிவில் மேலே போய், இறங்கும்போது நடுவில் உட்கார்ந்துவிடுவார்கள். முடிவை ஏறுமுன் எடுங்கள், பாதியில் அல்ல.

இளையவர்களுக்கு இந்த வரிசை: இரண்டு பெரியவர்களும் பிள்ளைகளும் அடிவாரத்தில் இறங்கி நடக்கட்டும். முதல் தொகுதி முடியும் தட்டில் வலப்பக்கம் சிறிய படிவரிசை பிரியும். அது கண்டக சேத்தியம் என்ற பழைய தாதுகோபத்துக்கு (தூபிக்கு) போகிறது. பார்த்துவிட்டுத் திரும்பி ஏறினால் தானசாலை. அம்மாவும் மற்றவரும் வானில் நேரே அங்கே வந்துவிடலாம். சந்திக்கும் இடம் தானசாலை என்று முதலிலேயே பேசிவையுங்கள்.

கமரா பை

இவ்வளவு சிக்கல் எதற்கு? மேல் தரிப்பிடத்தில் வானை விட்டு, அம்பஸ்தலம், மகாசேயா என்ற பெரிய தாதுகோபம், ஆராதனா கல் என்ற உச்சிப்பாறை மூன்றையும் பார்த்தால் ஒன்றரை மணித்தியாலத்தில் முடியும். அம்மாவை நிழலில் ஒரு கதிரை போட்டு இருத்துங்கள். கீழே இருப்பது வெறும் இடிபாடு. காட்சி மேலேதான்.

கல்லெழுத்து

தம்பி, இந்தப் பதிவோடு நான் ஒத்துப்போகவே மாட்டேன். அம்மாவை நிழலில் இருத்தச் சொல்கிறீர்களே, அந்த நடுத்தட்டுத்தான் மிகிந்தலையின் வயிறும் மூளையும்.

மிகிந்தலை ஒரு தாதுகோபம் மட்டும் அல்ல. பல நூற்றாண்டு இயங்கிய பெரிய மடாலயம். இலங்கைக்குப் பௌத்தத்தைக் கொண்டுவந்த மகிந்த தேரர், அரசன் தேவநம்பியதிஸ்ஸனைச் சந்தித்தது கி.மு. 3ஆம் நூற்றாண்டில், பொசொன் (ஆனி மாத) பௌர்ணமியில் என்பது மகாவம்ச மரபு. அரசன் கண்டக சேத்தியத்தைச் சூழ 68 கற்குகைகளைச் செப்பனிட்டுக் கொடுத்தான், தேரரும் கூட வந்தவர்களும் முதல் மழைக்காலத்தை இங்கேயே கழித்தார்கள் என்றும் அதே நூல் சொல்கிறது. குகையில் தொடங்கியது பின்னால் சோற்றுக்கூடம், குளியல் தடாகம், வைத்தியசாலை, கணக்குப் புத்தகம் என்று வளர்ந்தது. அந்த வளர்ச்சியின் மிச்சமெல்லாம் அடிவாரத்திலும் நடுத்தட்டிலும் கிடக்கிறது. அம்மாவால் போகக்கூடிய இடங்களும் அவையே. அதனால் அவவுக்கு எதுவும் தவறிப்போவதாக நினைக்கவேண்டாம்.

தானசாலை. நீள்சதுர முற்றம், ஏறக்குறைய 62 அடிக்கு 25 அடி. சுற்றிவரத் தாழ்வாரம் இருந்த தூண் அடிகள் தெரியும். முற்றத்தின் ஓரங்களில் இரண்டு கல்தொட்டி. ஒன்று சோற்றுக்கு, மற்றது கஞ்சிக்கு. சிங்களத்தில் பத் ஒருவ, கெந்த ஒருவ என்பார்கள். ஒருவ என்றால் தோணி. பெயரை வைத்துப் பாருங்கள், ஒரு தோணி நிறையச் சோறு. எத்தனை பிக்குகள் வரிசையில் நின்றிருப்பார்கள் என்பது அந்தத் தொட்டியின் நீளத்தைப் பார்த்தாலே பிடிபடும். கிட்டப் போய், கல்லைக் குடைந்த உட்பக்கத்தைப் பாருங்கள்.

அதற்கு மேல் உள்ள மேடையில், ஒரு கட்டட வாசலின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேற்பட்ட இரண்டு கற்பலகைகள் நிற்கும். நாலாம் மகிந்தன் (956-972) காலத்து மடாலயச் சட்டம், பழைய சிங்களத்தில். பிக்குகள் விடிய எழும்பித் தியானம் செய்யவேண்டும், பல் துலக்கிச் சீவர ஆடையை ஒழுங்காக உடுத்தித் தானசாலைக்கு வந்து கஞ்சியும் சோறும் பெறவேண்டும், வரமுடியாத நோயாளிக்கு வைத்தியர் சொன்னது போய்ச் சேரவேண்டும் என்று வரி வரியாக விதி. சமையற்காரர், குயவர் முதல் ஒவ்வொரு வேலையாளுக்கும் எவ்வளவு நிலம், எவ்வளவு அரிசி என்று பட்டியல். அன்றன்றைய செலவு அன்றே பதியப்படவேண்டும், வருட முடிவில் கணக்கைப் பிக்குகள் முன்னால் வைத்து ஒப்புதல் வாங்கவேண்டும். மலையைச் சூழ உயிர்க்கொலையும் கூடாது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஒரு நிறுவனத்தின் வேலை ஒழுங்கு முழுவதும் ஒரு வாசலின் இரண்டு பக்கம் நிற்கிறது. காட்சி மேலே மட்டும்தான் என்று எப்படிச் சொல்லலாம்?

வெயில் சரிவாக விழும் காலை 9 மணிக்கு முன்னரோ பிற்பகல் 4க்குப் பின்னரோ நின்றால் எழுத்தின் வெட்டு தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் பலகை தட்டையாகத்தான் தெரியும். தொட்டுத் தடவவேண்டாம். சோக்கட்டியால் உரசுவது அறவே கூடாது.

பக்கத்திலேயே 48 கற்றூண்கள் நிற்கும் சதுர மண்டபம். நடுவில் மேடை. சங்கம் கூடிப் பேசிய இடம்.

ராமகிருஷ்ண ஒழுங்கை

மிக்க நன்றி, கல்லெழுத்து அண்ணா. நடுத்தட்டில் அம்மா எத்தனை படி ஏறவேண்டி வரும்? சிங்கத் தடாகம் என்று ஒன்று கேள்விப்பட்டோம், அதுவும் அங்கேயா?

மலைப்படி

தரிப்பிடத்தில் இருந்து தானசாலைக்குச் சில நிமிட நடை. இடையிடையே சின்னச் சின்னப் படித்தொடர்கள், கற்பலகைகளுக்கு ஏற இன்னும் கொஞ்சம். பொல்லு ஒன்று கட்டாயம் கொண்டுபோங்கள், அடியில் இறப்பர் மூடி உள்ளதாக. இல்லாவிட்டால் கருங்கல்லில் வழுக்கும். ஒருவர் அம்மாவுக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ, நோகும் காலின் பக்கத்தில், ஒரு படி கீழே நின்று வரட்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில். மடிக்கும் கதிரை ஒன்றும் வானில் இருக்கட்டும். ஒவ்வொரு இடத்திலும் இருந்து பார்த்தால் ஒரு மணித்தியாலம் தாராளமாகப் போகும்.

சிங்கத் தடாகம் தானசாலைக்குச் சற்றுக் கீழே, பழைய வீதி வந்து சேரும் பக்கம். நீங்கள் வரும் வழியிலேயே.

கல்லெழுத்து

சிங்கத் தடாகத்தைத் தண்ணீர் வேலையாகப் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு நல்ல பாடம். இரண்டு கால் ஊன்றி எழுந்து நிற்கும் சிங்கம், ஏறக்குறைய 2 மீட்டர். அதன் வாய் வழியாகத் தண்ணீர் பாய்ந்தது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து? மலையில் இன்னும் மேலே பாறையைக் குடைந்து மழைநீர் தேக்கிய நாக தடாகம் இருக்கிறது. அங்கிருந்து தானசாலைக்கும் சிங்கத்துக்கும் நீர் இறங்கியது. இயந்திரம் எதுவும் இல்லை, உயரம் ஒன்றே போதும். வறண்ட வலயத்தில், வருடத்தில் பாதி மழை பார்க்காத மலையில், ஒரு பெரிய சமையலறையை நடத்தியது இந்த ஒழுங்குதான்.

நாக தடாகத்தை முதலாம் அக்கபோதி அமைத்ததாகச் சொல்வார்கள், அதாவது 6ஆம் நூற்றாண்டின் இறுதி, 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். பின் சுவர்ப் பாறையில் ஐந்து தலை நாகம் படம் விரித்து நிற்கும். வால் தண்ணீருக்குள் இறங்குகிறது என்பது ஊர்ப்பேச்சு. ஆவணியில் நீர் தாழ்ந்திருக்கும், நாகத்தின் கீழ்ப்பகுதியும் நன்றாகத் தெரியும். மார்கழியில் போனால் நிறைந்த தண்ணீரில் அதன் நிழல். இரண்டும் அழகு. இறங்கிக் குளிக்கவேண்டாம், பாசி வழுக்கும், ஆழமும் தெரியாது.

நாலாம் குறுக்கு

கண்டக சேத்தியத்தை எல்லாரும் சுற்றிவிட்டு வந்துவிடுவார்கள். சைவக்காரர் என்று எழுதியபடியால் ஒன்று சொல்கிறேன். அங்கே நாலு திசையிலும் வாகல்கட எனப்படும் முகப்புகள் உண்டு. யானை வரிசை, அன்னம், பூதகணங்கள் எல்லாம் அடுக்கடுக்காகச் செதுக்கியிருக்கும். பூதகண வரிசையை அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். குந்தியிருக்கும் குள்ள உருவங்களுக்கு நடுவில் ஒன்றுக்கு யானை முகம், ஒற்றைக் கொம்பு, இரண்டே கை. பிள்ளையார் வடிவத்தின் மிகப் பழைய முன்னோடிகளில் ஒன்றாக அதை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டுவதுண்டு. எலியும் இல்லை, மோதகமும் இல்லை, மற்றப் பூதகணங்களோடு சரிசமமாக இருக்கிறார். பிள்ளைகளிடம் "கண்டுபிடியுங்கோ" என்று விட்டுவிடுங்கள்.

சேத்தியத்தின் இன்றைய உயரம் சுமார் 40 அடி, சுற்றளவு சுமார் 425 அடி. மேல் பகுதி இல்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இலஞ்சதிஸ்ஸன் இதற்குக் கல் போர்த்தினான் என்று மகாவம்சம் சொல்கிறது. பக்கத்துப் பாறைகளில் குகைகள், அவற்றின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாமல் வெட்டிய விளிம்பு, அந்த விளிம்பின் கீழ் பிராமி எழுத்து. விளிம்பு வெட்டியிருந்தால் அது ஆள் வசித்த குகை என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு அடையாளம் தெரிந்தால் இலங்கையில் எந்த மலைக்குப் போனாலும் பயன்படும்.

கோட்டை ஸ்டேஷன்

வான் இல்லாமல் போகும் ஆட்களுக்காக. கோட்டையில் இருந்து வடக்குப் பாதை ரயிலில் பொல்காவலை, குருநாகல், மாகோ வழியாக அநுராதபுரம். நேர அட்டவணையும் பாதைத் திருத்தமும் மாறிக்கொண்டே இருப்பதால் முதல் நாளே கேட்டு உறுதிப்படுத்துங்கள். மிகிந்தலைக்கு என்றே சந்தியில் இருந்து பிரியும் ஒரு கிளைப்பாதை உண்டு. அதில் ரயில் ஓடுவது பெரும்பாலும் பொசொன் காலத்தில்தான். சாதாரண நாளில் அதை நம்பிப் போகவேண்டாம்.

பஸ்ஸில் போனால் அநுராதபுரத்தில் இரண்டு பஸ் நிலையம் இருப்பதைக் கவனியுங்கள். மிகிந்தலை பஸ் புதிய நிலையத்தில் இருந்து. கொழும்பு பஸ் பழைய நிலையத்தில் இறக்கிவிட்டால் ஓட்டோவில் மாறவேண்டும். மிகிந்தலைச் சந்தியில் இறங்கி அடிவாரத்துக்கு நடக்கலாம், ஆனால் வெயிலில் அந்த நடையே அரைவாசி பலத்தைத் தின்றுவிடும்.

வெள்ளவத்தையில் இருந்து இரவில் புறப்படும் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறி வழியில் இறங்கலாமே என்று சிலர் கேட்பார்கள். நடுச்சாமம் இரண்டு மணிக்கு இறக்கிவிடுவார்கள். குடும்பத்தோடு அதைச் செய்யவேண்டாம்.

தெஹிவளை ரீச்சர்

பாதத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. அம்பஸ்தலத்தில் செருப்பும் தொப்பியும் கழற்றவேண்டும். அங்கிருந்து மகாசேயா, ஆராதனா கல் எல்லாம் வெறுங்கால். ஆவணியில் 10.30க்குப் பிறகு கல் தோசைக்கல் போலக் கொதிக்கும். பிள்ளைகள் துள்ளிக்கொண்டு ஓடுவார்கள், ஓடும்போதுதான் விழுவார்கள். தடித்த பருத்திச் சொக்ஸ் ஆளுக்கு ஒரு சோடி கொண்டுபோங்கள். நைலோன் வேண்டாம், தேய்ந்த கல்லில் சறுக்கும். ஆராதனா கல்லில் ஏறும்போது சொக்ஸையும் கழற்றிவிடுங்கள், அங்கே வெறுங்கால் பிடிமானம் வேண்டும்.

உடுப்பு: தோளும் முழங்காலும் மூடியது. வெள்ளை அல்லது மங்கிய நிறம் நல்லது. தாதுகோபத்தை வலமாகச் சுற்றுவது நமது கோயில் வழக்கம்தான். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக்கூடாது. செல்பிப் பழக்கத்தில் பிள்ளைகள் மறந்துபோவார்கள், வானிலேயே சொல்லிவையுங்கள். பிக்கு ஒருவர் வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள்.

தண்ணீர்: ஏறுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒன்றரை லீற்றர், அம்மாவுக்கு ஒரு லீற்றர், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புத்தூள் இரண்டு பக்கெட். சாப்பாட்டுப் பையைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள். குரங்குகளுக்குப் பொலித்தீன் சத்தம் போதும். பூ வட்டியையும் அவை விடாது. இறைச்சி, முட்டை எதுவும் மலைக்குக் கொண்டுபோகவேண்டாம். புட்டும் சம்பலும் வானில் இருக்கட்டும், கீழே வந்து சாப்பிடலாம். கழிப்பறைத் தேவையை ஏறுமுன்னமே முடித்துக்கொள்ளுங்கள்.

ராமகிருஷ்ண ஒழுங்கை

ஆராதனா கல்லில் 9 வயதுப் பிள்ளையை ஏற்றலாமா, ரீச்சர்?

தெஹிவளை ரீச்சர்

கூட்டம் இல்லாவிட்டால் ஏற்றலாம், ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில். பாறையில் வெட்டிய குழிப்படிகள், பிடிக்க இரும்புக் கம்பி. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒரே கம்பியைத்தான் பிடிக்கவேண்டும், இடிபடுவது அங்கேதான். ஆவணியில் கச்சான் காற்று உச்சியில் ஆளைத் தள்ளும். நீளச் சட்டை, தாவணி எல்லாம் இடுப்பில் சொருகிக்கொள்ளவேண்டும். கண்ணாடி போட்டவர்கள் கயிறு கட்டுங்கள். மழை தூறினால் ஏறவே வேண்டாம்.

கமரா பை

கல்லெழுத்து அண்ணா எழுதியதைப் படித்தபின் என் ஒன்றரை மணித்தியாலக் கணக்கை மீளப்பெறுகிறேன். கற்பலகைகளை நின்று பார்க்கவேண்டிய இடமாக நான் எண்ணவில்லை. மேற்பகுதிக்கு மட்டும் என் குறிப்பு: அம்பஸ்தலத்தில் இருந்து தென்மேற்கே ஏறும் கற்படி மகாசேயாவுக்கு. அடித்தளம் 136 அடி விட்டம், மகாதாடிக மகாநாகன் கட்டியது, கி.பி. 1ஆம் நூற்றாண்டு. மேடையின் மேற்கு ஓரத்தில் நின்றால் காட்டுப் பச்சைக்கு மேலே அநுராதபுரத்துத் தாதுகோபங்கள் குமிழ் குமிழாகத் தெரியும். காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், அதனால் படம் துலக்கமாக வரும். பிற்பகலில் கண் கூசும், படம் வெளிறிப்போகும்.

மகிந்த குகையை விடாதீர்கள். அம்பஸ்தலத்தில் இருந்து ஒரு மண் பாதை இறங்கும், செருப்பைக் கையில் எடுத்துப் போனால் அங்கே போட்டுக்கொள்ளலாம். பெரிய பாறைக்குக் கீழே தட்டையான கல் ஒன்று, தேரரின் படுக்கை என்று மரபு. முன்னால் சமவெளி முழுவதும் திறந்து கிடக்கும். ஓரத்தில் வேலி இருக்கும் என்று எண்ணிப் பிள்ளைகளை முன்னால் ஓடவிடவேண்டாம்.

கல்லெழுத்து

நன்றி தம்பி. மகாநாகனைச் சொன்னபடியால் ஒரு செய்தி. மகாசேயாத் திருவிழாவுக்கு வரும் அடியார்கள் கழுவிய காலோடு அழுக்குப்படாமல் வரவேண்டும் என்று, கதம்ப நதியில் இருந்து, அதாவது இன்றைய மல்வத்து ஓயாவில் இருந்து, இந்த மலை வரை அவன் துணி விரித்தான் என்கிறது மகாவம்சம். அநுராதபுரத்தில் இருந்து வானில் வரும்போது அந்தத் தூரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

அம்பஸ்தலத்தில் நிற்கும்போது மாமரக் கேள்வியையும் கேட்டுப்பாருங்கள். தேரர் அரசனிடம்: இது என்ன மரம்? மாமரம். வேறு மாமரம் உண்டா? நிறைய. இந்த மாமரத்தையும் அந்த மாமரங்களையும் விட வேறு மரம் உண்டா? உண்டு, அவை மாமரம் அல்ல. மற்ற மாமரங்களையும் மாமரம் அல்லாதவற்றையும் விட்டால் இன்னும் ஏதும் மரம் உண்டா? 12 வயதுப் பிள்ளை விடை சொல்லக்கூடும். இந்த மாமரம்.

இரண்டாம் கியர்

மலைகளின் பெயரில் ஒரு தமிழ் இருக்கிறதே, அதை யாராவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். மிகிந்தலைத் தொடரின் ஒரு குன்றுக்கு ஆனைக்குட்டி கந்த என்று பெயர்.

நாலாம் குறுக்கு

ஆம். உயர்ந்த குன்று எத் விகாரை, 309 மீட்டர். அதுவும் யானைதான், சிங்களத்தில். நாக தடாகத்துக்கும் அப்பால் இன்னும் சில நூறு படி, நிழல் குறைவு. கால் பலம் மிச்சம் இருந்தால் மட்டும். தொடரின் இன்னொரு பக்கத்தில் இந்திகட்டு சேயா என்ற தாதுகோபம். 8, 9ஆம் நூற்றாண்டு எழுத்தில் சமஸ்கிருதப் பிரஜ்ஞாபாரமிதை பொறித்த செப்புத் தகடுகள் அங்கே கிடைத்தன. தேரவாத மலை என்று நாம் நினைக்கும் இடத்தில் மகாயான நூல்.

புளொக் 5

ரிட்டிகலைக்குப் போகலாமே? கூட்டமும் இல்லை, காடும் குளிர்ச்சி.

கல்லெழுத்து

ரிட்டிகலை அருமை, ஆனால் இந்த அம்மாவுடன் வேண்டாம். 766 மீட்டர் மலை, அடர்காடு, பாதுகாக்கப்பட்ட இயற்கை ஒதுக்கு. கந்தல் துணியே உடுக்கும் பங்சுகூலிகப் பிக்குகளுக்காக முதலாம் சேனன் (833-853) மடாலயம் எழுப்பினான். புத்தர் சிலையோ தாதுகோபமோ தேடிப் போனால் ஏமாற்றம்தான். அவர்கள் வைத்தது தியான மேடைகள்: இரண்டு இரண்டாக, நடுவில் ஒரு கல்பாலத்தால் இணைத்து. அலங்காரம் செதுக்கிய ஒரே இடம் சிறுநீர்க் கற்கள். ஆடம்பரத்தின் மேல் சிறுநீர் கழிக்கட்டும் என்பதே கருத்து என்று பலர் விளக்குவார்கள். கல் பதித்த நடைபாதை நீளமானது, மட்டம் ஏறி இறங்கும், மழைக்குப் பின் வழுக்கும், அட்டை கடிக்கும். வான் அருகில் போகும் வசதி மிகிந்தலை நடுத்தட்டு போல இல்லை. யானை நடமாடும் பகுதி என்பதால் பிற்பகலிலேயே வெளியே வந்துவிடவேண்டும். ஹபரணை, மரதன்கடவலை வீதியில் கனேவல்பொல பக்கம் திரும்பவேண்டும். இளையவர்கள் தனியாக இன்னொரு நாள் போங்கள்.

மலைப்படி

அம்மாவுக்கு ரிட்டிகலைக்குப் பதில் களுதிய பொக்குண. மிகிந்தலையின் மேற்கு அடிவாரம், கரிய நீர்த் தடாகம் என்று பொருள். ஏறக்குறைய 200 அடி நீளம், 70 அடி அகலம், கரையில் கட்டட இடிபாடுகள், பாறைக்குள் பொருத்திய ஓர் அறை. நிலம் அநேகமாக மட்டம். மேலே ஆயிரம் பேர் நிற்கும் நாளிலும் இங்கே பத்துப் பேர் இருக்கமாட்டார்கள். பிற்பகல் 4 மணிக்கு மரநிழல் தண்ணீரில் விழும்போது கதிரையைக் கரையில் போடுங்கள்.

அதற்கு முன் வைத்தியசாலை. அடிவாரத்திலேயே, படி இல்லை என்றே சொல்லலாம். 9ஆம் நூற்றாண்டு, இரண்டாம் சேனன் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். நடுமுற்றத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன நோயாளர் அறைகள். ஒரு பக்கம் மருந்துத்தொட்டி: ஒரே கல்லில் ஆள் படுக்கும் வடிவமாகவே குடைந்திருக்கிறார்கள். தலைக்கு ஒடுங்கி, தோளுக்கு அகன்று, காலுக்கு மறுபடி ஒடுங்கும். ஆள் வடிவத்துக்கே வெட்டியதால் கொஞ்ச எண்ணெயிலேயே உடம்பு முழுக்க நனையும், மருந்து வீணாகாது. முழங்கால் வலிக்காரருக்கு அந்தத் தொட்டி விளங்கும்.

ராமகிருஷ்ண ஒழுங்கை

அம்மாவிடம் தொட்டியைப் பற்றி வாசித்துக் காட்டினேன். வருகிறா. ஆனால் ஆவணிக்குப் பதில் ஆனியில் பொசொனுக்கே போகலாமா என்று தம்பி கேட்கிறான்.

கோட்டை ஸ்டேஷன்

பொசொன் வாரத்தில் லட்சக்கணக்கில் வருவார்கள். வழியெல்லாம் தன்சல் (இலவச உணவுப் பந்தல்), வெளிச்சக்கூடு, பக்தி. பார்க்கவேண்டிய ஒன்று. ஆனால் பொலிஸார் வாகனங்களை எட்டவே மறிப்பார்கள், மேல் தரிப்பிடத்தை நம்பமுடியாது. அது இல்லையென்றால் அம்மாவின் திட்டம் முழுவதும் போய்விடும். அம்பஸ்தலப் படியில் மேலும் கீழும் நெருக்கித் தள்ளும் கூட்டத்தில் பொல்லு ஊன்ற இடம் கிடையாது. சாதாரண சனிக்கிழமையே சரி. போயா (பௌர்ணமி) நாள் விழாத சனியாகத் தேர்ந்தெடுங்கள்.

மலைப்படி

அப்படியானால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி பிற்பகல் புறப்பட்டு அநுராதபுரத்தில் தங்கல். சனி 6.15க்கு அடிவாரம். நடப்பவர்கள் இறங்கிக் கண்டக சேத்தியம், அங்கே முக்கால் மணித்தியாலம். அம்மாவும் கூட இருப்பவரும் வானில் மேல் தரிப்பிடம், சிங்கத் தடாகம், பிறகு தானசாலை. 7.45க்கு எல்லாரும் தானசாலையில் சந்தித்து, கற்பலகைகளை ஒன்றாகப் பாருங்கள், வெயிலும் அப்போது சரிவாக விழும். 8.30க்கு மற்றவர்கள் அம்பஸ்தலம், ஆராதனா கல், மகாசேயா, மகிந்த குகை. இறங்கும்போது செங்குத்துப் படியின் பாதியில் இடப்பக்கம் பிரியும் பாதையில் நாக தடாகம். இந்தத் திருப்பத்தைத்தான் நிறையப் பேர் கவனிக்காமல் நேரே இறங்கிவிடுவார்கள், பிள்ளைகளில் ஒருவரைப் பார்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். 11 மணிக்குள் எல்லாரும் வானில்.

சாப்பிட்டு, வெயில் தணியும்வரை அறையில் ஓய்வு. 3 மணிக்கு வைத்தியசாலை, 4க்குக் களுதிய பொக்குண. அன்றிரவும் தங்கி ஞாயிறு காலை புறப்பட்டால் இரண்டாம் கியர் சொன்ன நித்திரை ஆபத்தும் இல்லை.

ராமகிருஷ்ண ஒழுங்கை

அப்படியே எழுதி எடுத்துவிட்டேன். பொல்லுக்கு இறப்பர் மூடி தனியாக எங்கே வாங்கலாம்?

தெஹிவளை ரீச்சர்

பெரிய மருந்துக் கடைகளில் ஊன்றுகோல் விற்கும் இடத்திலேயே கிடைக்கும். பொல்லின் அடி விட்டத்தை அளந்துகொண்டு போங்கள். தொளதொளத்தால் கழன்றுவிடும். இறுக்கமாகப் பொருந்துவதாகவும், அடியில் வரிவரியாக வெட்டு உள்ளதாகவும் பார்த்து இரண்டு வாங்குங்கள். ஒன்று வானில் இருக்கட்டும்.